எம்.ஆர்க். படிக்க வைக்கலாமா? கட்டடக்கலை மேற்படிப்பும் சேர்க்கை வழிகளும்



சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு தகப்பனார் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகள் பி.ஆர்க். முடித்து, கேட் தேர்விலும் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தார். வெளிமாநிலத்தில் உள்ள ஒரு மத்திய அரசுக் கல்வி நிறுவனத்தில் ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் எம்.ஆர்க். இடமும் வந்துவிட்டது. ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த இடம் கைவிட்டுப் போனது. பிள்ளை பதிவேற்றியிருந்தது நம் மாநில அரசு தரும் பி.சி.எம். சாதிச் சான்றிதழ். அவர்கள் கேட்டதோ மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழ். இரண்டும் ஒன்றுதான் என்று அந்தக் குடும்பம் நினைத்திருந்தது. "எங்களுக்கு இதை யாரும் சொல்லலையே பாய்" என்று அவர் சொன்னபோது நம்மிடம் பதில் இல்லை. நாமும்தான் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. அதை முடித்து, 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பெயரைப் பதிந்துகொண்டாலே ஒருவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று பலகை மாட்டித் தொழில் செய்யலாம். எம்.ஆர்க். என்பது அதற்கு மேல் இரண்டு ஆண்டுகள். டாக்டருக்கு எம்.டி. போல இதுவும் கட்டாயம் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வீடு, கடை, திருமண மண்டபம் வரைந்து பிழைக்க எம்.ஆர்க். தேவையே இல்லை. அதனால் "எல்லாரும் மேலே படிக்கிறார்கள், நம் பிள்ளையும் படிக்கட்டும்" என்று கடன் வாங்கிச் சேர்ப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். இரண்டு ஆண்டுகள் ஒரு நல்ல கட்டடக்கலைஞரிடம் வேலை பார்த்தால் அதுவும் படிப்புதான், கையில் சம்பளமும் வரும்.

அப்படியானால் யாருக்கு எம்.ஆர்க்.? கட்டடக்கலைக் கல்லூரியில் ஆசிரியராக விரும்புபவருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். பழைய கட்டடப் பாதுகாப்பு, நிலத்தோற்ற அமைப்பு, நகர வடிவமைப்பு, மருத்துவமனைக் கட்டடங்கள் என்று ஒரு துறையில் ஆழமாக இறங்க நினைப்பவருக்கு வேண்டும். அரசு நகரமைப்புத் துறையில் அதிகாரியாக விரும்புபவர் எம்.ஆர்க்.கை விட எம்.பிளான் பக்கம் பார்க்க வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அதற்குள் வந்துவிட்டது. நம் ஊரின் சாலை எங்கே போக வேண்டும், எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்சாலை என்று இனி வரைபடம் போடப்போகிறவர்கள் நகரமைப்பு படித்தவர்கள்தான். அந்த மேசையில் இந்த மண்ணின் பிள்ளைகள் ஒருவராவது உட்கார வேண்டாமா?

இங்கே ஒரு முக்கியச் செய்தி. நம் ஜமாஅத்துகளில் பி.ஆர்க். படித்தவர்களை விட பி.இ. சிவில் படித்தவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு எம்.ஆர்க். கதவு திறக்காது, அதற்கு பி.ஆர்க். வேண்டும். ஆனால் எம்.பிளான் படிப்புக்கு பி.ஆர்க்., பி.பிளான் படித்தவர்களோடு சிவில் பொறியாளர்களும் விண்ணப்பிக்கலாம். பல நிறுவனங்களில் புவியியல், பொருளாதாரம், சமூகவியல் முதுகலைப் பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு. சிவில் முடித்துவிட்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இனி நம் ஊருக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம். வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் பணியாளர்களுக்காகக் கட்டப்பட்ட மாபெரும் விடுதி 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவு, 13 அடுக்குமாடித் தொகுதிகள், 18,720 பேர் தங்க இடம். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒரே வளாகத்தில். அதைக் கடந்து போகிறபோது நாமெல்லாம் அண்ணாந்து பார்க்கிறோம். ஆனால் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் மற்ற ஆயிரக்கணக்கானோர் எங்கே தங்குகிறார்கள்? நம் தெருக்களில்தான். நிலம் கொடுத்த காசில் நம்மில் பலர் கட்டிய லைன் வீடுகளில்தான். பத்துக்குப் பத்து அறை, ஒரு ஜன்னல், சில இடங்களில் அதுவும் இல்லை, வரிசைக்குப் பொதுவாக இரண்டு கழிவறை. வாடகை வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே இரவு ஷிப்ட் முடித்து வந்த ஒருவர் பகலில் எப்படித் தூங்குகிறார் என்று நாம் யோசித்திருக்கிறோமா? இதைச் சொல்வது யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. அறக்கட்டளை நிர்வாகிகள் சிலரே இப்படிக் கட்டியவர்கள்தான். மேஸ்திரி சொன்னபடி கட்டினோம். வேறு விதமாகக் கட்டலாம் என்று சொல்ல ஆள் இல்லை.

இது ஒரு எம்.ஆர்க். கேள்வி. குறைந்த செலவில், குறைந்த இடத்தில், காற்றும் வெளிச்சமும் மானமும் உள்ள வாடகை வீட்டை எப்படிக் கட்டுவது? இந்தியாவில் இதற்கு முன்னோடி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் பி.வி. தோஷி வடிவமைத்த 'ஆரண்யா' குடியிருப்பில் ஏழைக் குடும்பங்களுக்கு முழு வீடு கட்டித் தரவில்லை. மனை, கழிவறை, தண்ணீர், ஓர் அடிப்படை அறை ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, மீதியைக் குடும்பங்கள் தங்கள் வசதிப்படி வளர்த்துக்கொள்ளும் விதத்தில் அமைத்தார். அந்தத் திட்டத்துக்கு 1995ஆம் ஆண்டு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. முஸ்லிம் சமூகங்களின் வாழ்வோடு தொடர்புள்ள நல்ல கட்டடங்களைத் தேடிப் பிடித்துப் பரிசளிப்பதற்காக 1977இல் நிறுவப்பட்டது அந்த விருது. பெரிய மாளிகைகளைப் போலவே இப்படிப்பட்ட எளிய குடியிருப்புகளும் பள்ளிக்கூடங்களும் அதைப் பெற்றிருக்கின்றன.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம் என்றால், எம்.ஆர்க். சேர்க்கையில் நல்ல நிறுவனங்கள் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: நீ எதைப் படிக்க வருகிறாய், ஏன்? "எனக்குச் சிறு வயது முதலே கட்டடங்கள் என்றால் ஆசை" என்று எழுதும் ஆயிரம் பேரில் ஒருவராக நம் பிள்ளை நிற்க வேண்டாம். வல்லம் வடகால் லைன் வீடு ஒன்றை டேப் பிடித்து அளந்து, எந்த நேரத்தில் எந்த அறையில் எவ்வளவு வெப்பம் என்று குறித்து, அங்கே தங்கியிருப்பவர்களிடம் பேசி, மாற்று வரைபடம் ஒன்றைப் போட்டுக் கொண்டுபோனால் நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அந்தப் பிள்ளையை விடப் பொருத்தமானவர் யார்?

சேர்க்கை வழிகளுக்கு வருவோம்.

பெரிய வாசல் கேட் தேர்வு. அதில் 'ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்' என்று தனித் தாள் இருக்கிறது. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், அதில் 15 பொது அறிவுத்திறன். எல்லாரும் எழுத வேண்டிய பொதுப் பகுதி ஒன்றும், கட்டடக்கலை அல்லது நகரமைப்பு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பகுதியும் உண்டு. வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் விண்ணப்பம் தொடங்கி, பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி. பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம் என்பதும், மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. பி.ஆர்க். நான்காம் ஆண்டில் ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. ஐந்தாம் ஆண்டில் தீசிஸ் வேலை தலைக்கு மேல் நிற்கும். அப்போது முதன்முறையாகப் புத்தகத்தைத் தொட்டால் இரண்டும் கெடும்.

கேட் மதிப்பெண்ணை வைத்து என்.ஐ.டி.களிலும், போபால், விஜயவாடா நகரங்களில் உள்ள எஸ்.பி.ஏ. என்னும் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும் சேர சி.சி.எம்.டி. என்ற பொதுக் கலந்தாய்வு நடக்கிறது. நமக்கு அருகில் திருச்சி என்.ஐ.டி.யில் ஆற்றல் சிக்கனமும் நீடித்த தன்மையும் கொண்ட கட்டடக்கலையில் எம்.ஆர்க். இருக்கிறது, மேலே சொன்ன வெப்பக் கேள்விக்கு அது நேரான இடம். பழைய கட்டடப் பாதுகாப்பு படிக்க போபாலும் விஜயவாடாவும். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் உள்ள கல்தூண் பள்ளிவாசல்களில் பழையதை இடித்துப் பளிங்கு போடும் ஆசை பரவிவரும் இந்தக் காலத்தில் நம்மில் இரண்டு பேராவது அதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் சொந்த ஆசை. டெல்லி எஸ்.பி.ஏ.யில் வீட்டுவசதிக்கென்றே தனி எம்.பிளான் உண்டு, அதன் சேர்க்கை அறிவிப்பை அந்த நிறுவனத்தின் தளத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். காரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களுக்கு அந்தந்த நிறுவனத்தில் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

சி.சி.எம்.டி.யில் ஒரு கண்டிப்பு: பட்டப்படிப்பில் 60 விழுக்காடு அல்லது 6.5 சி.ஜி.பி.ஏ. வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு இதில் தளர்வு உண்டு, ஓ.பி.சி.க்கு இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் அரியர் வைத்து மதிப்பெண்ணைக் கரைத்துவிட்டு, கடைசியில் கேட்டில் நல்ல ரேங்க் எடுத்தும் வாசலில் நின்ற பிள்ளைகள் உண்டு.

இரண்டாவது வாசல் நம் மாநிலத்தினுடையது. அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் சீட்டா பி.ஜி. தேர்வு. முன்பு டான்செட்டுக்குள் இருந்த எம்.இ., எம்.டெக்., எம்.ஆர்க்., எம்.பிளான் படிப்புகள் இப்போது இதன் கீழ் வந்துவிட்டன. ஆண்டுத் தொடக்கத்தில் விண்ணப்பம், பெரும்பாலும் மார்ச்சில் தேர்வு. பிறகு டான்சா கலந்தாய்வு. கேட் மதிப்பெண் உள்ளவர்களும் இதில் கலந்துகொள்ளலாம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளிக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு உள்ள 3.5 விழுக்காடு ஒதுக்கீடு இங்கே செல்லும். முதுகலைக் கட்டடக்கலைக்கு இடங்கள் மிகக் குறைவு. ஒதுக்கீட்டில் வருவது ஓரிரு இடம்தான். அதைக் கேட்க ஆள் போக வேண்டும்.

மூன்றாவதாக, தங்கள் சொந்த முறையில் சேர்க்கை நடத்தும் நிறுவனங்கள். டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா 2011இல் சிறுபான்மை நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. முஸ்லிம் மாணவர்களுக்கு அங்கே ஒதுக்கீடு உண்டு. மருத்துவமனைக் கட்டடக்கலையில் எம்.ஆர்க். நடத்தும் இடம் அது. சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தோஷி 1962இல் தொடங்கிய அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் பெயர் பெற்றது, ஆனால் செலவு அதிகம். வீட்டிலிருந்தே போய்வர வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு வண்டலூர் கிரசென்ட் நிறுவனம் ஒரகடத்திலிருந்து நேர் சாலை. படப்பை வழியாக ஒரே பஸ். ராயப்பேட்டையில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் நடத்தும் மியாசி கட்டடக்கலைக் கல்லூரியும் உண்டு. இந்த ஆண்டில் எந்த எம்.ஆர்க். பிரிவு நடக்கிறது, கட்டணச் சலுகை என்ன என்பதை அவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் சொல்வதற்கும் நேரில் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கும்.

இப்போது அந்தச் சான்றிதழ் விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மாநில அரசின் பி.சி.எம். பட்டியலில் அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (இராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையது என்று ஏழு பிரிவுகள் இருக்கின்றன. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல் தனி. மாநிலப் பட்டியலில் இருப்பதாலேயே அதிலும் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பழைய சாதிச் சான்றிதழில் எழுதியிருக்கும் பிரிவு மத்தியப் பட்டியலில் தமிழ்நாட்டின் கீழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். அதை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக எடுக்க வேண்டும். கலந்தாய்வில் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஸ்ரீபெரும்புதூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இல்லையென்றால், குடும்ப வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருந்தால், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான இ.டபிள்யூ.எஸ். சான்றிதழைப் பற்றி விசாரியுங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து என்று இருந்தால் அதை இப்போதே சரிசெய்யுங்கள். முகம்மது, முஹம்மத், எம்.டி. என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் இருப்பதை நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

போர்ட்ஃபோலியோ பற்றிச் சில சொற்கள். கேட் வழி போகிறவர்களுக்கு எல்லா இடத்திலும் இது தேவைப்படாது. நேர்முகம் வைக்கும் நிறுவனங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் கேட்கும். ஐந்தாண்டில் செய்த எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். ஐந்தாறு வேலைகள் போதும். தீசிஸ், ஒரு சிறிய கட்டடம், கையால் போட்ட ஸ்கெட்ச், பயிற்சிக் காலத்தில் வரைந்த வேலைத்தள வரைபடம், அளந்து வரைந்த பழைய கட்டடம் ஒன்று. கூட்டாகச் செய்ததில் தன் பங்கு எது என்று உண்மையாக எழுத வேண்டும். மென்பொருளில் செய்த பளபளப்பான படங்களை விட, ஒரு யோசனை எப்படி மாறி மாறி வந்தது என்று காட்டும் பக்கம்தான் பார்ப்பவரை நிறுத்தும். காசு கொடுத்து வெளியே செய்து வாங்கிய போர்ட்ஃபோலியோ நேர்முகத்தில் ஐந்தே நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். அமானிதம் என்ற சொல்லுக்கு இங்கேயும் இடமுண்டு.

பணம். மத்திய அரசு நிறுவனங்களில் கேட் தேறிச் சேருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழி உண்டு. எந்த இடத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்பதைக் கலந்தாய்வில் இடம் தேர்ந்தெடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கையேடுகளை நம்பாதீர்கள். முஸ்லிம் மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க வாங்கிய கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டமும், ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டன. இன்னும் சில வாட்ஸ்அப் செய்திகள் அவற்றைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. டாம்கோ மூலம் குறைந்த வட்டியில் கல்விக் கடன் உண்டு என்றாலும் அதுவும் வட்டிதான். உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கலந்து முடிவெடுங்கள். நமது அறக்கட்டளை தன்னால் இயன்ற அளவில் வட்டியில்லாக் கடனும், தகுதியுள்ள மாணவருக்கு ஜகாத் நிதியிலிருந்து உதவியும் செய்கிறது. முழுக் கட்டணத்தையும் நம்மால் தாங்க முடியாது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ்ச் செலவு, முதல் பருவக் கட்டணத்தில் ஒரு பகுதி, இவ்வளவுதான்.

வெளிநாடு என்றால் நம் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது ஏஜென்ட். போன வருடம் ஒரு ஏஜென்ட் ஒரு குடும்பத்திடம் 'சேர்க்கை உறுதி' என்று சொல்லி முன்பணம் வாங்கிவிட்டு, கட்டடக்கலையே இல்லாத ஒரு கல்லூரியின் கடிதத்தைக் கொடுத்த கதை நமக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் பிள்ளையே விண்ணப்பிக்க முடியும். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும், கட்டணம் இல்லை என்ற பேச்சு அங்கேதான் கனக்கத் தொடங்கும். ஜெர்மனியின் டாட் அமைப்பு கட்டடக்கலை முதுகலைக்கென்றே தனி உதவித்தொகை வைத்திருக்கிறது. துருக்கி அரசின் உதவித்தொகைக்கு ஜனவரி, பிப்ரவரியில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை; முதுகலைக்கு 30 வயதுக்குள் இருக்க வேண்டும், பெரும்பாலும் முதல் ஆண்டு துருக்கி மொழி கற்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் எம்.ஆர்க். என்ற பெயரில் இரண்டு வகை உண்டு, பி.ஆர்க். முடித்தவருக்கு உரியது குறுகிய காலப் படிப்பு. அதைப் பார்க்காமல் மூன்று ஆண்டுப் படிப்பில் சேர்ந்து பணத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் 1979 முதல் இஸ்லாமியக் கட்டடக்கலைக்கான ஆகா கான் திட்டம் நடக்கிறது. எட்டாத உயரம்தான், ஆனாலும் கேட்டுப் பார்ப்பதற்குத் தடை இல்லை.

பிளஸ் டூவில் பிள்ளை படிக்கும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு: பி.ஆர்க். சேர கணிதம் வேண்டும், நாட்டா தேர்வும் எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் நாட்டா மதிப்பெண்ணும் சம அளவில் சேர்க்கப்படுகின்றன. எம்.ஆர்க். பற்றிய பேச்சு அவர்களுக்கு ஐந்தாண்டு கழித்துத்தான். அரியர் இல்லாமல் படிப்பது மட்டும் இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை.

பி.ஆர்க். அல்லது சிவில் கடைசி ஆண்டில் இருப்பவர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். வரும்போது சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல், ஆதார் ஆகியவற்றின் நகல்களைக் கொண்டுவாருங்கள். மாணவிகள் தாயாரோடு வரலாம். பெண் தன்னார்வலர் ஒருவர் இருப்பார். சென்ற ஆண்டு இடத்தை இழந்த அந்த மாணவி இந்த முறை ஏப்ரல் மாதத்திலேயே ஓ.பி.சி. சான்றிதழை வாங்கி வைத்துவிட்டு, அதே கேட் மதிப்பெண்ணோடு மீண்டும் கலந்தாய்வுக்குப் பதிந்திருக்கிறார். இன்ஷா அல்லாஹ், மற்றவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க அவரே வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்தில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்.